ரெண்டேகால் அடி வாசல்

நெத்தியவே பாக்குறீங்களே தம்பி, பாத்தது போதும். கொஞ்சம் நகந்து ஒக்காருங்க, இந்தக் கொத்துக்கரண்டிப் பையக் காலுக்கு நடுவுல வச்சுக்கிறேன். மூணு தையல். குடிச்சுட்டு எங்கயோ விழுந்துட்டான்னு நெனச்சிருப்பீங்க. குடிச்சது வாஸ்தவம்தான், மறைக்கல. ஆனா விழல. ஒரு வாசல்ல இடிச்சது. அதுவும் எந்த வாசல்? அந்த எடத்துல இருக்கக் கூடாதுன்னு நான் சண்டை போட்ட வாசல்.

நான் வீரபாண்டியில எறங்கணும். அங்க ஒரு காம்பவுண்டுச் செவரு வேலை இருக்கு. அதுவரைக்கும் கேளுங்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன், எனக்கு வயிறு எரியுது.

எம்பேரு சுருளிவேல். கொத்தனாரு. கம்பத்துக்குத் தெக்க எந்த ஊருல வேணும்னாலும் விசாரிங்க. சுருளி வச்ச செவுத்துல தூக்குக்குண்டு விட்டுப் பாத்தா ஒரு நூல் பிசகாது. முப்பது வருசமா இந்த வேலை. இந்த முப்பது வருசத்துல ஒருத்தனும் எங்கிட்ட வந்து, 'ஏப்பா, செவரு ரொம்ப நேரா இருக்கு, கொஞ்சம் கோணலாக்கு'ன்னு சொன்னதில்ல. இந்த வருசம் அதையும் சொல்லிட்டாங்க.

ராமையா தோட்டம்னு சொன்னா எங்க பக்கம் சின்னப்புள்ளையும் கை காட்டும். அறுபது ஏக்கரு, அம்புட்டும் பன்னீர் திராட்சை. பெரியவரு ராமையாவுக்கு எம்பத்தாறு வயசு. அவரு மகன் தோட்டத்துக்குள்ளயே ஒயின் ஆலை போட்டாரு. அந்த மகனோட பொண்ணு சஹானா, ஒயின் படிப்புப் படிக்கணும்னு ஜப்பானுக்குப் போயி மூணு வருசம் இருந்துட்டு வந்துச்சு. நல்ல புள்ள தம்பி. அது மேல எனக்குக் கோவம் இருக்கு, அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். என்னைய 'சுருளிண்ணே'ன்னுதான் கூப்பிடும், நான் பாப்பாம்பேன். அவங்க தாத்தா என்னைய 'மொக்கையன் மகனே'ம்பாரு. மொக்கையன் எங்கப்பன் பேரு. எனக்குன்னு ஒரு பேரு இருக்கறதே அவருக்குத் தெரியாதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

ஜப்பான்ல என்ன ஒயினுன்னு நானும் கேட்டேன். அங்கயும் மலையடிவாரத்துல திராட்சை வெளையுதாம். மொரிதான்னு ஒரு வயசான ஆளு, அவருதான் பாப்பாவுக்கு வாத்தியாரு. ஒயினும் போடுவாராம், தேத்தண்ணி குடிக்கிற சடங்கும் தெரிஞ்சவராம். தேத்தண்ணி குடிக்கிறதுல என்ன பாப்பா சடங்கு, கிளாஸ வாங்குனமா குடிச்சமான்னு போக வேண்டியதுதானேன்னேன். சிரிச்சுச்சு. சின்ன ரூம்ல நாலு பேரு பாயில ஒக்காந்து, சலசலன்னு பேசாம, ஒரே கிண்ணத்துல கை மாத்திக் கை மாத்திக் குடிப்பாங்களாம். அதே மாதிரி ரூமு கட்டி நம்ம ஒயினக் குடிக்க வைக்கணும்னு அதுக்கு ஆசை.

"ஒயின்ல நான் எதையும் சேக்கறதில்லண்ணே"ன்னு சொல்லுச்சு. "பழத்தக் கழுவக்கூட மாட்டேன். தோல் மேல சாம்பல் படிஞ்ச மாதிரி இருக்குல்ல, அதுதான் சாறப் பொங்க வைக்குது. வடிகட்ட மாட்டேன். கலங்கலாத்தான் இருக்கும், அடியில மண்டி நிக்கும். அந்த வருசத்து வெயிலு, மழை, எது எப்பிடி வந்துச்சோ அப்பிடியே இருக்கட்டும்னு விடறது. அத ஒரு பளபளன்னு கண்ணாடி ரூம்ல வச்சுக் குடிச்சா நல்லா இருக்குமா? ரூமும் அதே மாதிரி இருக்க வேணாமா?"

கழுவாத பழம், வடிகட்டாத சாறு, பூசாத செவரு. வெளங்கிரும்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். ஆனா வேலை வேலைதானே? சரின்னேன்.

ஒம்பதுக்கு ஒம்பது ரூமு. மண்ணு, வைக்கோலு, சுண்ணாம்பு. நான் நாலு நாளு ஒக்காந்து உள்ள பூசுனேன். கண்ணாடி மாதிரி பூசுனேன் தம்பி, கைய வச்சா வழுக்கும். பாப்பா வந்து பாத்துச்சு. மூஞ்சி வாடிப் போச்சு. "ரொம்ப நல்லா இருக்குண்ணே, ஆனா செதுக்கி எடுத்துருங்க"ன்னுச்சு. எதுக்குன்னேன். "இவ்வளவு மழமழன்னு வேணாம். கை தெரியணும்"னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! செதுக்குனேன். செதுக்கிட்டு, மண்ணக் குழைச்சு, கரண்டியக்கூட எடுக்கல, வெறும் கையால அள்ளி அள்ளி செவுத்துல அறைஞ்சேன். ஒரே மத்தியானத்துல நாலு செவரும் முடிஞ்சுச்சு. விரல் தடம் அப்பிடியே கெடக்கு, எங்கயோ குழி, எங்கயோ மேடு. போ, கை தெரியணும்னல்ல, நல்லாத் தெரியட்டும்னு விட்டுட்டேன். அத அப்பறம் சொல்றேன்.

இப்ப வாசலுக்கு வாங்க. அதுதான் விசயமே.

பாப்பா குடுத்த படத்துல ரெண்டு வாசல் போட்டிருந்துச்சு. முன்பக்கம் ஒண்ணு, ரெண்டேகால் அடி உசரம். பின்பக்கம் ஒண்ணு, ஆறடி. நான் மொதல்ல முன்னாடி இருக்கறது சன்னல்னு நெனச்சேன். இல்லண்ணே, வாசல்னுச்சு. நாய்க்கான்னேன். சிரிச்சுட்டு, "மனுசங்களுக்குத்தான்ணே. எல்லாரும் முட்டி போட்டு, குனிஞ்சுதான் உள்ள வரணும்"னு சொல்லுச்சு. சொல்லிட்டு திராட்சை அறுப்பு வந்துருச்சுன்னு ஓடிப்போச்சு. அப்பறம் மூணு வாரம் ஒயின் சாடிய விட்டு அது நகரல.

எல்லாருமாம்! தம்பி, நீங்க டவுன் ஆளு மாதிரி தெரியுறீங்க. எங்க ஊருல 'எல்லாரும் குனிங்க'ன்னு சொன்னா யாரு குனிவா, யாரு நிமிந்து நிப்பான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வாசல் எதுக்கு? பெரிய வாசல் மொதலாளிக்கு, சின்ன வாசல் நமக்கு. இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா? எங்கப்பன் காலத்துலயே ராமையா வீட்டுல இருந்துச்சே.

எங்கப்பன் அந்தத் தோட்டத்துல பந்தலுக்குக் கீழ வேலை பாத்தாரு. திராட்சைப் பந்தல் வேலை தெரியும்ல? காலையிலருந்து கழுத்த அண்ணாந்துக்கிட்டு, தலைக்கு மேல கத்திரி பிடிக்கணும். நாள் பூரா அண்ணாந்து வேலை, கஞ்சிக்கு மட்டும் குனியணும். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒரு ஓட்டை வாசல். அது வழியாத்தான் நொழையணும். அங்க ஒரு செரட்டை தொங்கும். அத எடுத்துக்கிட்டு நின்னா, வீட்டுல குடிச்ச மிச்சக் கஞ்சிய மேல இருந்து ஊத்துவாங்க. யாரோ வேலைக்காரங்க ஊத்துனாங்கன்னு நெனச்சுக்காதீங்க. ராமையாதான் ஊத்துவாரு. அப்ப எளவட்டம். எனக்கு ஆறு வயசு, எங்கப்பன் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்திருக்கேன். அந்த வாசலத் திரும்பக் கட்ட என்னையவே கூப்பிடுறாங்கன்னா கோவம் வருமா வராதா?

மாத்திட்டேன். ஆமா, மாத்திட்டேன். பாப்பாதான் சாடிக்கிட்டயே கெடக்கே. முன்பக்கம் ஏழடி. நல்ல வேம்புல ஆசாரிகிட்டச் சொல்லி நெலை செஞ்சேன். சந்தனம், குங்குமம், மாவிலை, மஞ்சத்துணியில நவதானியம் முடிஞ்சு, நல்ல நேரம் பாத்து நெலை வச்சேன். எம் பொண்டாட்டி பவுன்தாயி அங்கதான் பாட்டில் கழுவுற வேலை பாக்குறா, அவளக் கூப்பிட்டுப் பால் ஊத்தச் சொன்னேன். பின்பக்கம், மொதலாளி வாசல், அதுக்கு ரெண்டேகால் அடி. தவழ்ந்து வாங்கடா பாப்போம்னு.

என் வாழ்க்கையில அம்புட்டு சந்தோசமா நான் ஒரு வேலை செஞ்சதில்ல.

ரூமப் பாக்கன்னு ஜப்பான்லருந்து மொரிதா வந்தாரு. ஒல்லியா, வெள்ளை முடி, நம்ம பக்கத்து ஆளு மாதிரி கறுத்துப் போயிதான் இருந்தாரு, தோட்டத்து வெயிலு போல. ஏழடி நெலைக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பாத்தாரு. காஞ்ச மாவிலையத் தொட்டாரு. சுத்திக்கிட்டுப் பின்னாடி போனாரு. சின்ன வாசலப் பாத்தாரு. ஒரு தட்டுல கிண்ணமும் தண்ணியும் வச்சு எடுத்துக்கிட்டு, முட்டி போட்டு, அந்தச் சின்ன வாசல் வழியா தட்டோட தவழ்ந்து உள்ள வந்தாரு. தண்ணி பூராம் சட்டை மேல. நான் முன்வாசல்ல கை கட்டி நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரே குளுகுளுன்னு இருக்கு.

பாப்பா மூஞ்சி செவந்துருச்சு. "அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பெரிய வாசல் வேலை செய்யறவங்களுக்கு! கையில தட்டோட வர்றவங்க நிமிந்து வரணும். சின்ன வாசல்தான் குடிக்க வர்ற விருந்தாளிக்கு. அவங்க யாரா இருந்தாலும் முட்டி போடணும். எங்க தாத்தாவா இருந்தாலும்! நான் அன்னைக்கே சொன்னேன்ல எல்லாரும்னு?"

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு தம்பி. புரியுதா? அந்தப் படத்துல இருந்தபடி கட்டியிருந்தா ராமையா தவழ்ந்து வரணும். அத மாத்தி அந்த மனுசனுக்கு ஏழடியில மாவிலை கட்டி வாசல் வச்சுக் குடுத்தது யாரு? நான்! என் கையால! பால் ஊத்துனது எம் பொண்டாட்டி!

தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. வாய் வரல. "வெளக்கமா மொதல்லயே சொல்லத் தெரியாதா? படிச்ச புள்ளதானே?"ன்னு கத்துனேன். அந்த மொரிதா அதுக்குள்ள செவுத்துக்கிட்டப் போயிட்டாரு. நான் கோவத்துல அறைஞ்ச செவரு. விரல் தடத்துல தன் விரல வச்சு வச்சுப் பாக்குறாரு. பாத்துட்டு என் முன்னாடி வந்து இடுப்ப மடிச்சு ஒரு கும்பிடு போட்டாரு. பாப்பா சொல்லுச்சு, "இந்தச் செவுத்தத் தொடவே கூடாதுங்கறாருண்ணே. எங்க ஒயின் மாதிரியே இருக்காம். உள்ள இருந்தது எதையும் வடிகட்டாம அப்பிடியே செவுத்துல வச்சிருக்கீங்களாம்."

எளக்காரம் பண்றாங்கன்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்க? கரண்டிய அங்கயே விட்டெறிஞ்சுட்டு, ஒங்க வேலையும் வேணாம் ஒங்க கும்பிடும் வேணாம்னு வந்துட்டேன்.

கூடலூர்க் கொத்தன் ஒருத்தன் வந்து ரெண்டு வாசலையும் மாத்தி வச்சான். என் வேப்ப நெலைய ஆசாரி கொண்டாந்து எங்க வீட்டுச் செவுத்துல சாத்தி வச்சுட்டுப் போனான். இன்னும் அங்கதான் நிக்கிது, பவுன்தாயி துணி காயப்போடுறா. நம்ம வீட்டுக்கே வச்சுருவோம்யாங்கிறா. எங்க வீட்டு வாசல் அஞ்சடி, நான் அஞ்சேமுக்கால். இருபது வருசமா குனிஞ்சுதான் போறேன். அது என் வீடு, என் வீட்டுக்கு நான் குனிஞ்சா ஒனக்கென்னன்னேன்.

உத்தமபாளையம் வந்துருச்சா? எறங்குறவங்க எறங்கட்டும். நீங்க இருங்க.

மூணு வாரம் கழிச்சு நான் டீக்கடையில ஒக்காந்திருக்கேன். பாப்பா ஸ்கூட்டியில வந்து எறங்குச்சு. கடையில அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க. "அண்ணே, நாளைக்கு ரூமத் தொறக்கறோம். நாலே பேருதான். தாத்தா, அப்பா, பக்கத்துத் தோட்டக்காரரு, நீங்க. கட்டுனவரு ஒக்காராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு மொரிதா சார் சொல்லிட்டாரு"ன்னுச்சு.

நான் டீக் கிளாஸ உருட்டிக்கிட்டிருந்தேன்.

"ஒரு சாடி மட்டும் தொறக்கறேன்ணே. போன அறுப்பு. அந்த வெயிலு இனி வராது, அந்த ஒயினும் வராது. அதே நாலு பேரு அதே மாதிரி இன்னொருக்கா ஒக்காரப் போறதும் இல்ல. சார் அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாரு. ஒரே ஒரு தடவதான்ணே, வாங்க."

"யாரு மொதல்ல குடிக்கிறது?"ன்னேன்.

"தாத்தாதான். வயசுல பெரியவருல்ல."

"அடுத்து?"

"நீங்க."

"அதே கிண்ணத்துல?"

"ஆமாண்ணே. வெளிம்பத் தொடச்சுட்டு ஒங்க கையில குடுப்பாரு."

"அப்ப வரல பாப்பா. ஒங்க தாத்தா குடிச்ச மிச்சத்த எங்கப்பன் ஆயுசு பூராக் குடிச்சாச்சு. நான் குடிக்க மாட்டேன். மொக்கையன் மகன் குடிச்சு வைக்கிறேன். அந்த மிச்சத்துல ஒங்க தாத்தா வாய வைக்கட்டும். அதுக்குச் சம்மதம்னா சொல்லு, குளிச்சுட்டு வர்றேன்."

பாப்பாவுக்குக் கண்ணுல தண்ணி நின்னுச்சு. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் சொன்னதுல என்ன தப்பு தம்பி? சொல்லுங்க, என்ன தப்பு? இன்னைக்கும் சொல்லுவேன். அது நியாயம்தான்.

மறுநாள் காலையில பதினொரு மணி. நான் அதே டீக்கடையில, அதே பெஞ்சுல. அங்கருந்து பாத்தா தோட்டத்துக் கேட்டு தெரியும். பேப்பர் படிச்சேன். ஒரே பக்கத்தத்தான் படிச்சேன்.

உள்ள நடந்தத சாயங்காலம் பவுன்தாயி வந்து சொன்னா. அவளத்தான் தண்ணி எடுத்து வர விட்டிருக்காங்க. பெரிய வாசல் வழியா, புதுச்சேலை கட்டி, சொம்போட நிமிந்து போயி நின்னிருக்கா. பெரியவரு முன்வாசலுக்கு வந்தாராம். குனிஞ்சு அந்த ரெண்டேகால் அடியப் பாத்தாராம். மகன், "அப்பா, ஒங்களுக்கு முட்டி வலி, பின்னாடி பெரிய வாசல் இருக்கு, அதுல வாங்க"ன்னாராம். பெரியவரு வேணாம்னுட்டுக் கைத்தடியக் கீழ வச்சாராம். செருப்பக் கழட்டுனாராம். ஒரு முட்டி, அப்பறம் இன்னொரு முட்டி. ரெண்டு கையையும் தரையில ஊணி, தலையத் தொங்கப்போட்டு உள்ள வந்தாராம். 'பாவமா இருந்துச்சுய்யா'ங்கிறா இவ! பாவமாம்! மொக்கையன் மருமக நிக்கிறா, ராமையா தவழ்றாரு. அம்பது வருசம் காத்திருந்து பாக்க வேண்டியத இவ பாத்துட்டுப் பாவம்னு வந்து சொல்றா. நான் எங்க இருந்தேன்? பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்.

இருங்க, இன்னும் இருக்கு.

நாலு பாயில மூணு பேரு. ஒரு பாயி காலி, என்னோடது. கிண்ணம்னாங்கல்ல, அந்த மண்சட்டியில ஒயின ஊத்தியாச்சு. கோணச் சட்டி, பாப்பா கையால பிடிச்சுச் சுட்டது, ரெண்டு கைக்குள்ள அடங்கும். மொரிதா அதத் தூக்கிப் பெரியவரு முன்னாடி வைக்கப் போனாரு. அப்பத்தான் பாப்பா அவரு காதுகிட்டப் போயி, நான் டீக்கடையில சொன்னத அவங்க பாஷையில சொல்லியிருக்கு. அவரு யோசிச்சாராம். அப்பறம் சட்டியத் தூக்கிக் கொண்டுபோயி என் காலிப் பாயி முன்னாடி வச்சுட்டாராம். வச்சுட்டுக் கையக் கட்டி ஒக்காந்துட்டாரு. பாப்பா நம்ம தமிழ்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுச்சாம், "சுருளிண்ணன் மொதல்ல குடிக்கணுமாம். அப்பறந்தான் தாத்தா."

மகன் எந்திரிக்கப் போனாராம். பெரியவரு கையக் காட்டி ஒக்காரச் சொன்னாராம். சட்டியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாராம். அரை மணி நேரம் தம்பி! எம்பத்தாறு வயசு ஆளு, முட்டி வீங்குன ஆளு, தொண்டையில ஒரு சொட்டுப் போகாம, மொக்கையன் மகன் வர்றானான்னு அரை மணி நேரம் ஒக்காந்திருக்காரு. நான் கூப்பிடு தூரத்துல இருக்கேன். கடைசியில முடியாமத் திரும்பத் தவழ்ந்து வெளிய வந்தாராம். யாரும் குடிக்கல. மொரிதா சட்டிக்கு ஒரு மரமூடியப் போட்டு மூடி, அதே எடத்துல வச்சுட்டு, "அது அவரோடது, யாரும் தொடாதீங்க"ன்னுட்டாராம்.

"ஏன்டி, ஒரு ஓட்டம் ஓடி வந்து எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"ன்னு கத்துனேன்.

"சொம்போட நிக்கிறேன், எப்பிடிய்யா வர்றது? வந்து சொல்லியிருந்தா மட்டும் நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேனா? அவகிட்ட நான் பதில் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்.

அது புதன்கெழமை. வியாழன், வெள்ளி, சனி, நான் அந்தப் பக்கமே போகல. அந்த ஜப்பான்காரரு இருக்கறப்பப் போனா தோத்துப் போயி வந்த மாதிரி ஆயிரும்ல. ஞாயித்துக்கெழமை அவரு கெளம்புனாரு. காரு டீக்கடைக்கு முன்னாடி நின்னுச்சு. கண்ணாடிய எறக்குறாரு. நான் பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுக் காரு போயிருச்சு. பேப்பரத் தலைகீழாப் பிடிச்சிருந்தேன்னு கடைக்காரன் அப்பறமாச் சொல்றான். அவனையும் திட்டுனேன்.

திங்கக்கெழமை மத்தியானம் போனேன். ஆலையில எல்லாரும் சோத்துக்குப் போயிருந்த நேரம். விட்டெறிஞ்ச கரண்டிய எடுக்கத்தான் போனேன், வேற ஒண்ணுக்குமில்ல. கரண்டி பின்பக்கத் தாழ்வாரத்துல தொடச்சுத் துணி சுத்தி வச்சிருந்துச்சு. எடுத்தேன். எடுத்துட்டு வந்த வழியே போயிருக்கலாம். பின்னாடி இருந்த பெரிய வாசல் தொறந்துதான் கெடக்கு, அது வழியாவும் போயிருக்கலாம், அது என்னை மாதிரி ஆளுக வாசல்தானே? போகல. சுத்திக்கிட்டு முன்பக்கம் வந்தேன். யாரும் இல்லன்னு பாத்துக்கிட்டேன். முட்டி போட்டேன். தவழ்ந்தேன் தம்பி. அந்த எடத்துல அது வேணாம்னு மாத்துன நானே தவழ்ந்தேன்.

உள்ள இருட்டு. கொஞ்ச நேரம் போன பெறகுதான் கண்ணு பழகுச்சு. என் செவரு சுத்தி நிக்கிது. சின்ன வாசல் வழியா வர்ற வெளிச்சம் கீழாப்ல விழுந்து அந்த விரல் தடம் ஒவ்வொண்ணும் தெரியுது. நல்லாத்தான் இருக்கு. நான் கோவத்துல செஞ்சது, எனக்கே நல்லா இருக்கு, என்னத்தச் சொல்ல? நாலு பாயி விரிச்சபடி கெடக்கு. ரெண்டாவது பாயி முன்னாடி சட்டி, மேல மூடி. ஒக்காந்தேன். மூடியத் தொறந்தேன். புளிச்ச வாடை மூக்குல ஏறுச்சு. அஞ்சு நாளாச்சே, காடியாத் திரும்பியிருந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. எங்கப்பன் நெனப்பு, அந்தச் செரட்டை நெனப்பு. ரெண்டு கையாலயும் தூக்கி வாயில வச்சு ஒரே மூச்சாக் குடிச்சேன். தொண்டை எரியுது, கண்ணுல தண்ணி கொட்டுது, விடல. அடியில நின்ன மண்டியக்கூட விரல விட்டு வழிச்சு நக்குனேன். என்னோடதுன்னாங்கல்ல? ஒரு சொட்டு வைக்கல.

அப்பறம் வெளிய வந்தேன். உள்ள போறப்பக் குனிஞ்சவன், வர்றப்ப மறந்துட்டேன். பாதியிலயே நிமிந்துட்டேன். மடார்னு நெலையில அடிச்சுச்சு. கண்ணுக்குள்ள பொறி பறக்குது, ரத்தம் மூக்கு வரைக்கும் வழியுது. துண்ட எடுத்து அமுக்கிக்கிட்டுப் பாக்குறேன், எதுக்க பந்தலுக்குக் கீழ கல்லுல பெரியவரு ஒக்காந்திருக்காரு.

எப்ப வந்தாரு, எம்புட்டு நேரம் பாத்தாருன்னு தெரியாது. பவுன்தாயி சொல்றா, புதன்கெழமையிலருந்து தெனமும் அந்த நேரம் அங்கதான் ஒக்காந்திருக்காராம். அதையும் இவ எங்கிட்டச் சொல்லல!

"சுருளிவேலு"ன்னாரு.

எம்பேரு தம்பி. முழுப்பேரு. அந்த வாயிலருந்து.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சேன்."

தலைய ஆட்டுனாரு. கைத்தடியக் கல்லுல சாத்தி வச்சாரு. ஒரு கால் செருப்பக் கழட்டுனாரு, இன்னொரு கால் செருப்பக் கழட்டுனாரு. மெதுவா எந்திரிச்சு, பந்தக் காலப் பிடிச்சுக்கிட்டு, அந்தச் சின்ன வாசலப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்துக் கேட்டாரு.

"மிச்சம் வச்சிருக்கியா?"

சட்டி உள்ள கெடக்கு, கழுவிக் கவுத்த மாதிரி.

"இல்லய்யா"ன்னேன். அய்யான்னு வேற வந்து தொலைஞ்சுச்சு வாயில.

செருப்பத் திரும்ப மாட்டிக்கிட்டாரு. குனிய முடியாமக் காலாலயே துழாவி மாட்டுனாரு. தடிய எடுத்துக்கிட்டு வீட்டப் பாத்து நடந்துட்டாரு.

கேக்குறவரு முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா? எங்கப்பன் இருக்கறப்பக் கேட்டிருக்கக் கூடாதா? எம்பத்தாறு வயசு வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, நான் நக்கி முடிச்ச பெறகு வந்து கேக்குறதா? என்னையக் கேலி பண்ணக் கேட்டாரா, நெசமாத்தான் கேட்டாரான்னு ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருக்கேன். கேலின்னா எதுக்கு செருப்பக் கழட்டணும்? பவுன்தாயி சொல்றா, அதே சாடியில இன்னும் இருக்குய்யா, பாப்பாகிட்டச் சொன்னா ஒரு சட்டி ஊத்தித் தரும், நீ குடிச்சுட்டுக் குடுங்கிறா. ஊத்தலாம். யாரு போயி அவரக் கூப்பிடுறது? நானா? அவரு இன்னொருக்கா முட்டி போடுவாரா? அன்னைக்குக் கழட்டுன செருப்ப இன்னொரு நாள் கழட்டுவாரா?

என்ன கண்டக்டரே, வீரபாண்டியா? எறங்கணும், எறங்கணும். தம்பி, அந்தப் பைய எடுங்க. தலைய இடிச்சுக்குவேன்னு பயப்படாதீங்க, பாத்துத்தான் எறங்குவேன்.

ஒரு மடக்கு தம்பி. அம்பது வருசம் நெனச்சு நெனச்சுக் கெடந்தவன், ஒரே ஒரு மடக்கு விட்டு வச்சிருக்கலாம்ல நான்?